ஸ்டுட்கார்ட்டில் முறைவாசல்

வெளிநாடு போகிறவர்களைப் பற்றி எழுதும் நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையினரையே கவனித்து வந்திருக்கிறார்கள். பத்து நாள் தங்கி, பார்க்க வேண்டிய ஸ்தலங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் யாத்திரிகர் ஒரு வகை. போன இடத்திலேயே வேரூன்றி, பேரன் பேத்தி எடுத்து, அந்த மண்ணுக்கே உரியவராகிவிடும் குடியேறியவர் மற்றொரு வகை. இவ்விருவருக்கும் நடுவே, உத்தியோக நிமித்தமாகவோ, ஆராய்ச்சிப் படிப்பின் பொருட்டோ, மகளுக்குப் பிள்ளைப்பேறு என்பதற்காகவோ, ஓராண்டு ஈராண்டு என்று பிற தேசத்தில் வாசம் செய்யும் பெருங்கூட்டம் ஒன்று இன்று தமிழர்களிடையே உண்டாகியிருக்கிறது. விருந்தாளி என்று சொல்ல முடியாதபடி நெடுநாள் தங்குகிறவர்களும், குடிமக்கள் என்று சொல்ல முடியாதபடி திரும்பிவிடுகிறவர்களுமான இவர்களுக்கு வழிகாட்ட எழுதப்பட்டிருப்பது சொற்பமே.

அப்படித் தங்குபவர்களில் பலர், வாரத்தில் ஐந்து நாள் ஆபீசுக்கும் வீட்டுக்குமாக நடந்து, எஞ்சிய இரண்டு நாளில் ரயிலேறிப் பாரிஸ், வெனிஸ், ஸூரிச் என்று சுற்றி வந்து, தவணை முடிந்ததும் ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஐரோப்பாவின் பாதிக் கோபுரங்களோடு நின்று படம் எடுத்துக்கொண்ட அவர்களுக்கு, தாங்கள் குடியிருந்த தெருவின் ரொட்டிக்கடைக்காரரோடு பழக்கம் இருப்பதில்லை. எதிர்க் கதவுக்குப் பின்னால் வசிப்பவரின் பெயர்கூடத் தெரிவதில்லை. வேறு சிலர், உள்ளூர்வாசியைப் போல வாழ்வதென்றால் அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் உடுப்பதை உடுப்பதே என்று எண்ணி, அதில் மிகுந்த சிரத்தையும் பணமும் செலவிடுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. ஓர் ஊரின் பொது வேலைகளில் நமக்கென்று ஒரு முறை ஏற்பட்டு, அந்த முறையை நாம் நிறைவேற்றுவோம் என்று அண்டை அயலார் எதிர்பார்க்கத் தொடங்கும்போதுதான், அந்த ஊர் நம்மைத் தன் மனிதராக எண்ண ஆரம்பிக்கிறது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் குடும்பத்தோடு வசித்த காலத்தில் எனக்கு இது தெளிவாயிற்று. ஆகையால் அவ்வூரையே வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

ஜெர்மனியின் தென்மேற்கில், பாடன்-வூர்ட்டெம்பர்க் மாநிலத்தின் தலைநகராக விளங்கும் ஸ்டுட்கார்ட், ஆறு லட்சத்துக்கும் சற்று அதிகமான ஜனங்கள் வசிக்கும் ஊர். டைம்லரும் போர்ஷெயும் பாஷும் பிறந்து வளர்ந்த தொழில் நகரம் என்பதால், கரும்புகை சூழ்ந்த ஒரு பட்டணத்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அங்கே ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. ஊர் ஒரு பெரிய கிண்ணத்தின் அடியில் கிடப்பதுபோல மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் இருக்கிறது. அந்த மலைச்சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள் பிரதான ரயில் நிலையத்துக்கு வெகு அருகில் வரை இறங்கி வருகின்றன. தோட்டக்காரர்கள் ஏறி இறங்குவதற்காக ஆதியில் கட்டிய கற்படிகள் இன்று ஊரின் நடைபாதைகளாகி, நானூற்றுக்கும் மேற்பட்ட படிக்கட்டு வீதிகளாக நகரெங்கும் பரவியிருக்கின்றன. கையில் கறிகாய்ப் பையோடு அந்தப் படிகளில் ஏறும் கிழவிகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்க நம் இளைஞர்களுக்கே சில மாதம் பிடிக்கும். ஏற முடியாதவர்களுக்கு, மரியன்பிளாட்ஸ் சதுக்கத்திலிருந்து டேகர்லோஹ் மேட்டுக்குப் பல்சக்கர ரயில் ஒன்று 1884 முதல் போய்க்கொண்டிருக்கிறது. சைக்கிள்களை ஏற்றிக்கொள்ள அதன் முன்புறத்தில் தனியாக ஒரு தட்டு வண்டி பூட்டியிருப்பார்கள்.

அந்தத் தேசத்தில் ஒருவன் வசிக்கிறான் என்பதற்கு முதற் சாட்சி நகரசபையின் பதிவேடு. குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் அந்தப் பகுதியின் குடிமக்கள் அலுவலகத்துக்குப் போய், வீட்டுக்காரர் கையொப்பமிட்ட அத்தாட்சிக் கடிதத்தைக் காட்டி, விலாசத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் மற்றக் காரியங்கள் நகரமாட்டா. வருமான வரி எண் அதன் பிறகே தபாலில் வந்து சேரும். அதே தபாலில், வீட்டில் ரேடியோவோ தொலைக்காட்சியோ இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் என்று ஒரு கடிதமும் தவறாமல் வரும். இவற்றைவிட முக்கியமான ஒன்றைப் புதிதாய்ப் போகிறவர்கள் கவனிப்பதில்லை. அங்கே அடுக்கு வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. வாசல் மணியிலும் தபால் பெட்டியிலும் எழுதியிருக்கும் பெயரே விலாசம். பெயர் ஒட்டப்படாத பெட்டியில் தபால்காரர் கடிதம் போடமாட்டார். ஆகவே, நம் நீளமான பெயரை எப்படியாவது சுருக்கி, ஒரு விரற்கடை அகலமுள்ள சீட்டில் எழுதி ஒட்டிய அன்றுதான் குடித்தனம் ஆரம்பமாகிறது.

வாடகை விஷயத்தை இரண்டு வார்த்தையில் முடித்துவிடலாம். முன்பணம் என்பது, வெந்நீர், கணப்பு முதலிய செலவுகள் சேராத வெறும் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேற்படக் கூடாது என்று சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். அடுப்பும் அலமாரியும் இல்லாத வெறும் சமையலறையோடு வீட்டை விடுவது அங்கே சகஜம் என்பதால், அடுப்படி இருக்கிறதா என்று முன்னமேயே கேட்டுக்கொள்வது உத்தமம்.

இனி நான் சொல்ல வந்த பிரதானமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக் கதவின் கைப்பிடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சிறிய மரப்பலகை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ‘கேர்வோஹெ’ என்று எழுதியிருந்தது. அடுத்த ஏழு நாளும் மாடிப்படியைப் பெருக்கித் துடைக்கும் முறை எங்களுடையது என்பது அதன் தாத்பரியம். ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள ஸ்வாபியப் பிரதேசம் எங்கும் வழங்கும் இந்தச் சம்பிரதாயத்தில் சிறிய முறை, பெரிய முறை என்று இரண்டு உண்டு. தன் தளத்து நடையும் அங்கிருந்து அடுத்த கீழ்த்தளம் வரை இறங்கும் படிகளும் சிறியதில் அடங்கும். வீட்டு முகப்பு, தெருவோர நடைபாதை, முற்றம், நிலவறைக்கு இறங்கும் வழி ஆகியவை பெரியதில் அடங்கும். பனிக்காலத்தில் நடைபாதையில் விழுந்த பனியை, வேலை நாட்களில் காலை 7 மணிக்குள் வழித்துத் தள்ளி, வழுக்காதபடி சரளையோ மணலோ தூவிவிட வேண்டும். தவறினால், வழுக்கி விழுந்தவரின் எலும்பு முறிவுக்கு அந்த வீட்டார் பதில் சொல்ல நேரும். முறை முடிந்ததும் பலகையைக் கழற்றி அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வரவேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை.

மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் ஒண்டுக்குடித்தனங்களில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஒரே வாசலைப் பங்கிட்டுக்கொண்ட ஐந்தாறு குடித்தனக்காரர்கள், இன்னார் இந்த நாள் என்று முறைவைத்து வாசல் தெளித்துக் கோலம் போட்டு வந்தார்களே, அந்த முறைவாசல்தான் இது. நம் ஊரில் நாளடைவில் அந்த வேலையைப் பணிப்பெண்ணிடம் ஒப்படைத்து, வாடகையோடு முறைவாசல் காசு என்று ஒரு தொகை கொடுக்கும் வழக்கம் வந்ததுபோலவே, ஸ்டுட்கார்ட்டிலும் இப்போது பல கட்டடங்களில் கம்பெனி ஆட்களை வைத்துப் பெருக்குகிறார்கள். எனினும் பலகை தொங்கும் வீடுகள் இன்னும் ஏராளமாக இருக்கின்றன.

இதன் பூர்வீகம் மிகப் பழையது. வூர்ட்டெம்பர்க்கை ஆண்ட எபர்ஹார்ட் பிரபு 1492-இல் வழங்கிய நகரச் சட்டத்தில், ஒவ்வொருவரும் தத்தம் அசுத்தத்தை வாரந்தோறும் அப்புறப்படுத்த வேண்டுமென்ற விதியை இதன் வேராகக் காட்டுகிறார்கள். 1714-இல் தெருக்களின் சுத்தத்துக்கென்றே தனியாக ஓர் உத்தரவு பிறந்தது. கொலம்பஸ் அமெரிக்கக் கரையைத் தொட்ட அதே ஆண்டில் ஒரு சிறு பட்டணத்துப் பிரபு குப்பையைப் பற்றிக் கவலைப்பட்டார் என்பது என் மனத்துக்கு மிகவும் உகந்த செய்தி. வாரந்தோறும் பெருக்கியே தீரவேண்டும் என்ற கட்டாயத்தை நகரசபை 1988-இல் எடுத்துவிட்டது. அப்போது மேயராக இருந்தவர், போரில் பேர்பெற்ற தளபதி ரோமலின் மகனான மன்ஃப்ரெட் ரோமல். ஆனால் சட்டம் விட்டுக்கொடுத்ததை வாடகைப் பத்திரங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. குடிக்கூலி ஒப்பந்தத்திலேயே அந்த முறை எழுதப்பட்டு, முன்போலவே நடந்து வருகிறது.

முதல் வாரம் நான் படிகளைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, கீழ்த்தளத்தில் தனியே வசித்த எண்பது வயது கடந்த அம்மையார் கதவைத் திறந்து வெளியே வந்தார். வணக்கம் சொன்னார், சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு உள்ளே போய்க் கைத்துடைப்பம் ஒன்றைக் கொண்டுவந்தார். “மேலே இருந்து ஆரம்பியுங்கள். ஒவ்வொரு படியிலும் முதலில் இரண்டு மூலைகள், நடுப்பகுதி தானாகச் சுத்தமாகிவிடும்” என்று சொல்லி, குனிந்து ஒரு படியைத் தாமே பெருக்கிக் காட்டினார். கால்மிதியைச் சுருட்டாமல் இரு முனையையும் பிடித்து வெளியே கொண்டுபோய் உதற வேண்டும். ஈரத்துணியைப் பிழிந்து, படியின் முன்விளிம்பில் தொடங்கிப் பின்னோக்கி இழுக்க வேண்டும். கைப்பிடிக் கட்டை கடைசியில். இவற்றை எல்லாம் அவர் போதிக்கும் தோரணையில் சொல்லவில்லை; தலைமுறை தலைமுறையாகத் தம் கைக்கு வந்த ஒரு வித்தையை, அடுத்தபடி வைத்திருக்க வேண்டியவரிடம் ஒப்படைக்கும் கவனத்தோடு சொன்னார். நான் முடித்ததும் கீழிருந்து மேல்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். திட்டாமல் விட்டால் அதுவே போதிய பாராட்டு என்பது ஸ்வாபியர்களின் வசனம் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். மறுநாள், நாங்கள் வெளியே போயிருந்தபோது வந்த பார்சலை அவர் வாங்கி வைத்திருந்தார். அங்கே தபால்காரர்கள், வீட்டில் ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, இன்னாரிடம் பெற்றுக்கொள்ளவும் என்று சீட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள். யாரிடம் கொடுப்பது என்பதில்தான் ஒரு கட்டடத்தின் உறவுமுறைகள் எல்லாம் வெளிப்படும். அதன் பிறகு செப்டம்பரில் பிளம் பழம் பதித்த கேக், டிசம்பரில் கிறிஸ்துமஸ் பிஸ்கோத்து என்று அவர் கொடுக்க, நாங்கள் தீபாவளிக்கு முறுக்கும் தட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தோம். முறுக்கின் முறுக்கலை அவர் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நம்மவர்கள் முறையிடாத நாளில்லை. கடைகள் அடைத்துக் கிடக்கும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. காலிக் கண்ணாடிப் புட்டிகளைத் தெருமுனைத் தொட்டியில் போடுவதுகூடச் சத்தம் எழுப்பும் என்று அன்றைக்கு விலக்கு. இது வெறும் சோம்பலோ வியாபார மந்தமோ இல்லை. ஞாயிறும் பண்டிகை நாளும் வேலையிலிருந்து ஓய்வுக்கும் ஆன்ம உயர்வுக்குமான நாட்கள் என்று 1919-ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சாசனம் காப்பளித்தது. 1949-இல் எழுதிய இன்றைய சாசனமும் அந்த ஷரத்தை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. வேண்டியதைச் சனிக்கிழமை மாலைக்குள் வாங்கி வைத்துக்கொள்ளப் பழகிவிட்டால், அந்த நாளைப் போன்ற விலைமதிப்பற்ற செல்வம் வேறு இல்லை என்பது தெரியவரும். அன்று பிற்பகல் மூன்று மணி சுமாருக்குக் காப்பியும் கேக்குமாக உறவினர் கூடுவார்கள். அந்த வேளைக்கு ஒருவர் நம்மை வீட்டுக்கு அழைத்தால் அது பெரிய கௌரவம். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னும் பின்னுமின்றிப் போவது அந்தக் கௌரவத்துக்கு நாம் காட்டும் மரியாதை.

குப்பையைப் பிரிப்பது, புட்டியைத் திருப்பிக் கொடுப்பது முதலியவை சில வாரத்தில் கைவந்துவிடும். காய்கறித் தோல் ஒரு தொட்டி, காகிதம் ஒரு தொட்டி, உறைகளும் டப்பாக்களும் ஒரு தொட்டி, மிச்சம் ஒரு தொட்டி. கண்ணாடியில் வெள்ளை, பச்சை, பழுப்பு என்று தனித்தனி. பீர்ப் புட்டிக்கு 8 சென்ட், ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் புட்டிக்கு 25 சென்ட் வைப்புத்தொகை விலையோடு சேர்ந்திருக்கும். கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் அது திரும்பக் கிடைக்கும். ரயில் நிலையத்தில் டிக்கெட்டைக் காட்டிக் கடக்க வேண்டிய தடுப்பு எதுவும் இராது. ஒவ்வொருவரும் வாங்கியிருப்பார் என்ற நம்பிக்கையில் வண்டி ஓடுகிறது, திடீர்ச் சோதனையில் அகப்பட்டவர் 60 யூரோ கட்டுகிறார். வண்டியே வராத வீதியில் சிவப்பு விளக்குக்காக நிற்பதைக் கண்டு வியக்கிற நம்மவர்கள், பக்கத்தில் ஒரு குழந்தை நிற்கிறதா என்று பார்த்தால் காரணம் புரிந்துவிடும். குழந்தைகளுக்கு நல்ல உதாரணமாக இருங்கள் என்று பல இடங்களில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிக நேரம் பேச எனக்கு ஆசை. செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாளும் மார்க்கெட் சதுக்கத்திலும், கவிஞர் ஷில்லரின் சிலை நிற்கும் சதுக்கத்திலும் சந்தை கூடும். சுற்றுப்புறத்துக் குடியானவர்கள் தாங்களே விளைவித்ததைக் கொண்டுவந்து விற்பார்கள். அருகிலே 1914-இல் கட்டிய மூடிய சந்தை மண்டபம் ஒன்றும் உண்டு. அழகில் சிறந்தது, விலையிலும் சிறந்தது. கண்ணால் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். ஊருக்குத் தெற்கே ஃபில்டர் மேட்டு நிலத்தில் விளையும் கூம்பு வடிவ முட்டைக்கோஸ் வேறெங்கும் இவ்வளவு மெல்லியதாகக் கிடைக்காது. பொரியலுக்கு அதைவிட உகந்தது இல்லை. வசந்தத்தில் வெள்ளை அஸ்பாரகஸ் தண்டு வந்தால் ஊரே அதைத்தான் சாப்பிடும். ஜூன் 24-ஆம் தேதி, யோவான் திருநாளோடு அறுவடை நின்றுவிடும். எது எப்போது விளைகிறதோ அதை அப்போது உண்பது என்ற நியமத்தை அவர்கள் கைவிடவில்லை.

சைவ உணவுக்காரர்கள் அங்கே பட்டினி கிடக்க நேரும் என்று பயமுறுத்துவார்கள். அந்தப் பிரதேசத்தின் மிகப் பிரியமான உணவே பருப்புதான் என்பதை அவர்கள் சொல்வதில்லை. முட்டையும் மாவும் சேர்த்துப் பிசைந்து, பலகையிலிருந்து கொதிநீரில் சீவிப் போடும் ஷ்பெட்ஸ்லெ என்ற மாவுத் துணுக்குகளின்மேல், சிறிது காடி சேர்த்துக் கெட்டியாக வெந்த பருப்பை ஊற்றிப் பரிமாறுவார்கள்; பக்கத்தில் வைக்கும் மாமிசத்தை வேண்டாமென்று சொன்னால் முகஞ்சுளிக்காமல் எடுத்துவிடுவார்கள். முட்டையும் ஆகாதவர்கள் அந்தப் பருப்பை ரொட்டியோடு சாப்பிடலாம். இந்தப் பருப்புக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கேயுள்ள ஸ்வாபிய ஆல்ப் மலைப் பிரதேசத்தின் கற்பாங்கான நிலத்தில் பரம்பரையாக விளைந்துவந்த இந்தச் சிறுபருப்பு, கட்டுப்படியாகாத காரணத்தால் சென்ற நூற்றாண்டின் நடுவில் அடியோடு மறைந்தது. 1980-களில் ஒரு குடியானவக் குடும்பம் வேறு ரக விதையைக் கொண்டு பயிரை மறுபடி தொடங்கிற்று. ஆனால் அந்த மண்ணுக்கே உரிய பழைய விதை எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் 2006-இல், ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலுள்ள வாவிலோவ் விதைக் களஞ்சியத்தில் அது பத்திரமாக இருப்பது தெரியவந்து, கைப்பிடி கைப்பிடியாகப் பெருக்கி மீட்டார்கள். நம் பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடித் திரிகிறவர்கள் ஒருமுறை அந்த மலைக்குப் போய்வந்தால் தைரியம் பெறுவார்கள்.

பாஷை இல்லாமல் இவை எதுவும் முழுதாகக் கைகூடாது. ஆபீசில் ஆங்கிலம் போதும், மாடிப்படியில் போதாது. 1919 முதல் ஜெர்மனியெங்கும் பரவிய மக்கள் உயர்பள்ளிகள் என்ற ஸ்தாபனங்களில் மாலை வேளைகளில் மிதமான கட்டணத்துக்கு ஜெர்மன் கற்பிக்கிறார்கள். அங்கேயே தையலும் தச்சும் சங்கீதமும்கூடக் கற்கலாம். துணை வாக்கியங்களில் வினைச்சொல்லைக் கடைசியில் நிறுத்தும் அவர்கள் வழக்கம் ஆங்கிலேயர்களைத் திணறடிக்கும். தமிழில் சிந்திக்கிறவனுக்கு அது வீட்டு வழக்கம். வகுப்பில் கற்ற ஜெர்மனை வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினால், ஸ்வாபியப் பேச்சு வேறு ராகத்தில் ஒலிக்கும். அதற்காகக் கலங்க வேண்டியதில்லை; மாடிப்படியில், லிஃப்டில், வைத்தியர் வீட்டுக் காத்திருப்பு அறையில், முன்பின் தெரியாதவராயினும் எதிர்ப்பட்டவருக்கு முதலில் வணக்கம் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. நீங்கள், நீ என்ற வேற்றுமை நமக்குப் பழக்கமானதே. நீ என்று பேசலாம் என்று வயதில் மூத்தவர் முதலில் சொல்லும்வரை நாம் நீங்கள் என்றே பேச வேண்டும். அவர் அப்படிச் சொன்ன நாளைச் சிநேகம் உறுதிப்பட்ட நாளாகக் கொள்ளலாம்.

அந்தத் தேசத்தில் தனியாக எதையும் செய்வதைவிடச் சங்கமாகச் செய்வதில் ஜனங்களுக்கு விருப்பம் அதிகம். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம்; அப்படிப் பதிவான சங்கங்கள் ஆறு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. பாட்டுச் சங்கம், சதுரங்கச் சங்கம், தீயணைப்புத் தொண்டர் சங்கம் என்று எதிலாவது சேர்ந்துவிடுவது நெடுநாள் தங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை. 1888-இல் தோன்றிய ஸ்வாபிய ஆல்ப் சங்கத்தார் மலைப்பாதைகளுக்கு அடையாளக் குறிகள் இட்டு, வாரந்தோறும் கூட்டமாக நடந்துபோகிறார்கள். அவர்களோடு நடந்தவர்களுக்கு, நாலு மைல் தொலைவுக்குள் நாலு நண்பர்கள் கிடைப்பார்கள். இலையுதிர் காலத்தில் திராட்சைத் தோட்டக்காரர்கள் தங்கள் வீட்டுக் கூடத்தையோ கொட்டகையையோ ஒழித்துப்போட்டு, வாசலில் ஒரு விளக்குமாற்றைக் கட்டித் தொங்கவிட்டால், அங்கே அவர்கள் சொந்தத் திராட்சை மது விற்கிறது என்று அர்த்தம். நாற்பது பேருக்கு மேல் உட்கார இடம் போடக் கூடாது, ஆண்டில் நாலு மாதத்துக்கு மேல் திறக்கக் கூடாது என்பது விதி. நீள மேஜைகளில் அந்நியர்கள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்வதைத் தவிர அங்கே வழியில்லை. ஆகவே பேசாமலிருக்கவும் வழியில்லை. மது தொடாதவர்களுக்குப் புது ஆப்பிள் ரசமோ திராட்சைச் சாறோ கொடுப்பார்கள். நெக்கார் நதிக்கரையில் கன்ஸ்டாட் பகுதியின் தாது நீர் ஊற்றுகள், புடாபெஸ்டுக்கு அடுத்தபடியாக ஐரோப்பாவிலேயே மிகப் பெரியவை. பனிக்காலத்திலும் அந்தத் தாது நீரில் முங்கி எழும் வயோதிகர்களின் கூட்டம் தினமும் காலையில் அரசியல் பேசுவதைக் கேட்டால், பத்திரிகை வாசிக்க வேண்டியதில்லை.

இந்த ஊரிலிருந்து நம் பக்கம் வந்து, இதையே மறுபுறமாகச் செய்து காட்டிய ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நன்றியாகாது. 1814-இல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்த ஹெர்மன் குண்டர்ட், 1836-இல் சென்னையில் வந்திறங்கித் தமிழ் கற்றுத் திருநெல்வேலிச் சீமையில் சிலகாலம் இருந்தார். பின்பு தலைச்சேரியில் நெடுங்காலம் வாழ்ந்து, மலையாள பாஷைக்கு இலக்கணமும், 1872-இல் வெளிவந்த பேரகராதியும் தந்தார். மத ஊழியம் செய்ய வந்தவர்தாம். ஆயினும் அவர் சேகரித்த பழமொழிகளும், எழுதி வாங்கிய பழைய ஏடுகளும், திண்ணையில் உட்கார்ந்து கேட்கத் தெரிந்த ஒருவருக்கே வாய்க்கக்கூடியவை. அவருடைய கையெழுத்துப் பிரதிகளை ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்திலுள்ள ட்யூபிங்கன் சர்வகலாசாலை இன்றும் காத்துவருகிறது. நாவலாசிரியர் ஹெர்மன் ஹெஸ்ஸெ அவருடைய மகள் வயிற்றுப் பேரன். ஸ்டுட்கார்ட் 1968 முதல் பம்பாயைச் சகோதர நகரமாகக் கொண்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியும். அதற்கு நூறு ஆண்டு முன்பே தலைச்சேரிக்கும் அவ்வூருக்கும் இப்படி ஓர் உறவு இருந்ததை நம்மவர்கள் அறிய வேண்டும்.

உள்ளூர்வாசியாக வாழ்வதற்காக நம் அனுஷ்டானங்களை விட்டுவிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. 1980-கள் முதல் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த ஈழத் தமிழர்கள் வெஸ்ட்ஃபாலியாவின் ஹாம் நகரத்தில் காமாட்சியம்மனுக்குக் கோபுரத்தோடு கோயில் எழுப்பி, 2002-இல் குடமுழுக்குச் செய்தார்கள். அதன் தேர்த் திருவிழாவுக்கு அக்கம்பக்கத்து ஜெர்மானியர்களும் வந்து நிற்கிறார்கள். தாளிக்கும் வாசனை கட்டடமெங்கும் பரவும் என்று கூச வேண்டியதில்லை. ஆனால் ஜன்னல்களை அகலத் திறந்து ஐந்து நிமிஷம் காற்றோட விடும் அவர்கள் வழக்கத்தை நாமும் கைக்கொள்ள வேண்டும். உறைபனியிலும் காலை மாலை அப்படித் திறக்காவிட்டால் சுவரில் பூஞ்சை பிடித்துவிடும். அந்தப் பழுது நம் முன்பணத்திலிருந்துதான் கழியும். இரவு பத்து மணிக்கு மேல் மிக்ஸியைப் போடக் கூடாது. இட்லிக்கு மாவரைப்பதைப் பகலிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

ஊர் திரும்பும் காலம் வந்தால் அதற்கும் அங்கே கிரமம் உண்டு. வீட்டை மூன்று மாதம் முன்னதாக எழுத்து மூலம் விடவேண்டும். தேசத்தை விட்டுப் போகிறேன் என்று குடிமக்கள் அலுவலகத்தில் பெயரை நீக்கச் சொல்லி, அந்தச் சான்றைக் காட்டித்தான் ஒலிபரப்புக் கட்டணத்தையும் நிறுத்த முடியும். வீட்டுக்காரர் அறை அறையாகப் பார்த்து, சுவரில் ஆணித் துவாரம் எத்தனை என்பது வரை எழுதி இருவரும் கையொப்பமிட்ட பிறகே சாவி கைமாறும். வெந்நீர்க் கணக்குத் தீர்ந்த பின்பே முன்பணத்தின் மிச்சம் வந்து சேரும், அதற்குப் பல மாதம் ஆகலாம் என்பதால் அங்கேயுள்ள வங்கிக் கணக்கை உடனே மூடிவிடக் கூடாது. அடுத்துக் குடிவருபவர் நம்மவராக இருந்துவிட்டால், எந்தக் கிழமை எந்தத் தொட்டி வாசலுக்குப் போகவேண்டும், பனி வழிக்கும் தட்டு நிலவறையில் எங்கே இருக்கிறது, கீழ்வீட்டு அம்மையாருக்கு எந்த வேளையில் வணக்கம் சொன்னால் நின்று பேசுவார் என்பனவற்றை ஒரு தாளில் எழுதி அடுப்படியில் வைத்துவிட்டு வருவது நலம். வீடு பிடித்துக் கொடுக்கும் தரகர்கள் எவரும் சொல்லாத விஷயங்கள் அவை.